ஓரத்தில் எழுதியிருந்த இரண்டு வரி



இது நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் முடித்துவிட்டு வாருங்கள். கணக்கு வாத்தியார் கம்ப்யூட்டர் சரித்திரம் எழுத வந்துவிட்டாரே என்று சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

மூன்று மாதங்களுக்கு முன் பழைய மாணவி ஒருவர் போன் செய்தார். 2006-இல் என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்தவர், இப்போது பெங்களூரில் மென்பொருள் வேலை. நலம் விசாரித்து முடிந்த பிறகும் போனை வைக்கவில்லை. "என்னம்மா விஷயம்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல சார். ஒரு ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட்ல ஒரு தப்பைக் கண்டுபிடிச்சேன். ரெண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து சரி பண்ணி அனுப்பினேன். வேண்டாம்னு திருப்பிட்டாங்க. இனிமே அந்தப் பக்கமே போகக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. "பதில்ல என்ன எழுதியிருந்தாங்க?" என்று கேட்டேன். ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "ஒரே திருத்தத்தில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. சோதனை இல்லை. இப்போதைக்குச் சேர்க்க முடியாது."

அவர் காதில் விழுந்தது மூன்றாவது வாக்கியம் மட்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. 38 வருஷம் விடைத்தாள் திருத்தியவனுக்கு இது தெரியாதா? தாளைக் கையில் வாங்கியதும் மார்க்கைப் பார்ப்பீர்கள். ஓரத்தில் சிவப்பு மையில் நான் எழுதியதை எத்தனை பேர் படித்தீர்கள்?

ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு அன்று சரியான பதில் சொல்ல முடியவில்லை. முன்பின் தெரியாதவர்களின் மென்பொருளுக்குச் சம்பளமில்லாமல் இவர் ஏன் வேலை செய்ய வேண்டும்? அதை அவர்கள் ஏன் மறுக்க வேண்டும்? இதைத் தெரிந்துகொள்ளத்தான் மகனிடம் கேட்டும், கிடைத்ததைப் படித்தும் மூன்று மாதம் உட்கார்ந்தேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் அத்தைமார்களுக்கும் சித்தப்பாமார்களுக்கும் ஒரு விளக்கம். கணக்கில் விடை என்று ஒன்று, வழிமுறை என்று ஒன்று. நாம் கடையில் வாங்கும் மென்பொருள் பெரும்பாலும் விடை மாதிரி. வேலை செய்யும், ஆனால் எப்படிச் செய்கிறது என்று பார்க்க முடியாது. அதை எழுதியவர் எழுதிய வழிமுறைக்கு மூலநிரல், அதாவது சோர்ஸ் கோட் என்று பெயர். அந்த வழிமுறையை எல்லோரும் பார்க்கலாம், படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை மற்றவருக்கும் தரலாம் என்று திறந்து வைத்தால் அது திறந்த மூல மென்பொருள். உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவது லினக்ஸ் என்ற அப்படிப்பட்ட மென்பொருள்தான்.

இந்தப் பழக்கம் புதிதல்ல. கம்ப்யூட்டர் ஓர் அறை அளவு இருந்த காலத்தில் மென்பொருளைத் தனியாக யாரும் விற்கவில்லை. இயந்திரத்தோடு சேர்ந்து வரும். 1955-இல் அமெரிக்காவில் ஐ.பி.எம். இயந்திரம் வைத்திருந்தவர்கள் சேர்ந்து 'ஷேர்' என்று ஒரு சங்கமே வைத்தார்கள். நான் எழுதிய நிரலை நீ எடுத்துக்கொள், நீ எழுதியதை எனக்குக் கொடு என்ற ஏற்பாடு. பக்கத்து வீட்டில் உறை மோர் வாங்குவது போல. 1969-இல் ஐ.பி.எம். மென்பொருளுக்குத் தனி விலை வைக்கப் போவதாக அறிவித்தது. மெல்ல மெல்ல வழிமுறையை மறைத்து விடையை மட்டும் விற்கும் வழக்கம் வளர்ந்தது.

1980 வாக்கில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற இளைஞர் வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே அச்சு இயந்திரம் வேறு மாடியில் இருந்தது. காகிதம் சிக்கினால் யாருக்கும் தெரியாது; போய்ப் பார்த்தால்தான் தெரியும். பழைய இயந்திரத்தின் நிரல் கையில் இருந்ததால், காகிதம் சிக்கியதும் காத்திருப்பவர்களுக்குச் செய்தி வரும்படி அவர் மாற்றி வைத்திருந்தார். பிறகு ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் அச்சு இயந்திரம் வந்தது. அதற்கு நிரல் தரப்படவில்லை. நிரல் வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்துக்காரரிடம் நேரில் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார்.

நம்மில் பலர் புலம்பிவிட்டு மாடிப்படி ஏறியிருப்போம். ஸ்டால்மன் 1983 செப்டம்பரில், முழுக்க முழுக்கச் சுதந்திரமான ஓர் இயங்குதளம் எழுதப் போகிறேன், உதவி செய்ய வாருங்கள் என்று அறிவித்தார். அதற்கு குனூ என்று பெயர். 1989-இல் ஜி.பி.எல். என்ற உரிமத்தை வெளியிட்டார். எடுத்துக்கொள், மாற்று, ஆனால் மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது அதன் மூலநிரலையும் அதே உரிமையோடு கொடு என்பது அதன் சாரம். உறை மோர் வாங்கியவர் தயிரை ஒளித்து வைக்கக் கூடாது என்கிற ஏற்பாடு.

இனி எனக்கு மிகவும் பிடித்த மனிதர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டொனால்ட் நூத் என்ற பேராசிரியர். கம்ப்யூட்டர் நிரல் எழுதும் கலை பற்றி 1968 முதல் பெரிய பெரிய தொகுதிகளாக எழுதி வருபவர். 1977-இல் அவருடைய புத்தகத்தின் புதிய பதிப்புக்கு அச்சுப்படி வந்தது. கணக்குக் குறியீடுகள் அச்சான விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. சரி, நானே அச்சுக்கோப்பு மென்பொருள் எழுதுகிறேன் என்று உட்கார்ந்தவர், 'டெக்' என்ற மென்பொருளை எழுதி, அதன் வழிமுறையை வரிக்கு வரி விளக்கிப் புத்தகமாகவே வெளியிட்டார். இன்றும் உலகெங்கும் கணித ஆய்வுக் கட்டுரைகள் அதில்தான் அச்சாகின்றன.

அவர் செய்த இன்னொரு காரியம்தான் என்னை உட்கார வைத்தது. தன் புத்தகத்தில் பிழை கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 2008 வரை 2.56 டாலர் காசோலை அனுப்பி வந்தார். அது என்ன 2.56? 256 சென்ட். 2-ஐ எட்டு முறை பெருக்கினால் 256. பதினாறின் அடிமானத்தில் அது ஒரு முழு நூறு. கணக்குக்காரர் குறும்பு. டெக் மென்பொருளில் பிழை கண்டுபிடித்தால் அந்தத் தொகையை வருஷத்துக்கு வருஷம் இரட்டித்துக்கொண்டே போய் 327.68 டாலரில் நிறுத்தினார். 2.56-ஐ ஏழு முறை இரட்டித்துப் பாருங்கள், சரியாக வரும். வாங்கியவர்களில் பலர் அந்தக் காசோலையை வங்கியில் போடவில்லை, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். தன் மென்பொருளில் வந்த பிழைகளையெல்லாம் குறித்து வைத்து 1989-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்.

தன் பிழைகளின் பட்டியலைத் தானே வெளியிடும் ஆசிரியர்! இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

தவறு கண்டுபிடித்தாயிற்று. அதை எப்படி அனுப்புவது? பழைய தமிழ்ப் புத்தகங்களில் கடைசிப் பக்கத்தில் 'பிழை திருத்தம்' என்று ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். பக்கம் 47, வரி 6, இப்படி இருப்பதை இப்படி வாசிக்கவும் என்று. மென்பொருளிலும் அதே முறைதான். 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் 'டிஃப்' என்ற சிறு கருவியை எழுதினார்கள். இரண்டு பிரதிகளை ஒப்பிட்டு, எந்த வரி போயிற்று, எந்த வரி வந்தது என்று பட்டியல் கொடுக்கும். பட்டியல் கிடைத்தாலும் அதைப் பார்த்துத் திருத்துவது மனிதர் கைவேலையாகவே இருந்தது.

1985 மே மாதம் லேரி வால் என்பவர் 'பேட்ச்' என்ற கருவியை வெளியிட்டார். பேட்ச் என்றால் ஒட்டு. கிழிந்த சட்டைக்குத் தையற்காரர் போடும் ஒட்டு. துளையிட்ட காகித நாடாவில் நிரல் எழுதிய காலத்தில் தவறான துளையின்மேல் நிஜமாகவே காகிதம் ஒட்டித்தான் திருத்தினார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. லேரி வாலின் கருவி டிஃப் தந்த பட்டியலைப் படித்துத் தானாகவே திருத்தத்தைப் போட்டுவிடும். அதற்குள் அந்த வரி நாலு வரி கீழே நகர்ந்திருந்தாலும், முன்னும் பின்னும் உள்ள வரிகளை அடையாளமாக வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிடும்.

இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். பத்தாயிரம் வரி நிரலில் மூன்று வரி திருத்த, முழு நிரலையும் அனுப்ப வேண்டியதில்லை. வாங்குபவரும் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. உன் திருத்தம் எது என்பது கண்ணுக்கு எதிரே நிற்கிறது. உலகத்தின் ஒரு மூலையில் இருப்பவர் இன்னொரு மூலையில் இருப்பவருக்கு வெறும் மூன்று வரியைப் பரிசாக அனுப்ப முடிந்தது அதன் பிறகுதான்.

இப்போது 1991. பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். வீட்டில் தன் கம்ப்யூட்டருக்கு ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் 25 அன்று, பொழுதுபோக்காகத்தான் எழுதுகிறேன், பெரிதாக ஒன்றும் வராது, உங்களுக்கு என்னென்ன வசதி வேண்டும் சொல்லுங்கள் என்ற பொருளில் ஒரு செய்தி அனுப்பினார். செப்டம்பரில் வந்த முதல் பிரதி சுமார் பத்தாயிரம் வரி. 1994 மார்ச்சில் 1.0 பதிப்பு வரும்போது ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் வரிகளைத் தாண்டிவிட்டது.

அந்த வளர்ச்சி ஒருவர் கைவேலை அல்ல. மென்பொருளின் பெயரே இன்னொருவர் தந்தது. லினஸ் வைக்க நினைத்த பெயர் 'ஃப்ரீக்ஸ்'. கோப்புகளை வைக்க இடம் கொடுத்த ஆரி லெம்கே என்ற நண்பர் அந்தப் பெயர் பிடிக்காமல், அடைவுக்கு 'லினக்ஸ்' என்று பெயர் எழுதிவிட்டார். அதுவே நிலைத்தது. 1992 தொடக்கத்தில் லினஸ் தன் மென்பொருளை ஸ்டால்மனின் ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். பிறகு பேட்ச்கள் மழைபோல் வரத் தொடங்கின. 1998 பிப்ரவரியில் கிறிஸ்டின் பீட்டர்சன் என்ற பெண்மணி யோசனை சொல்ல, 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பெயரும் புழக்கத்துக்கு வந்தது.

என் மாணவியின் கதை அந்த மழையில்தான் தொடங்குகிறது. எல்லாப் பேட்ச்களும் மின்னஞ்சலில் ஒரே மனிதருக்குப் போயின. அவர் ஒவ்வொன்றாகப் படித்துக் கையால் சேர்த்தார். முடியாதபோது சில அப்படியே விடுபட்டுப் போயின. ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, பதிலே இல்லை. அனுப்பியவர் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருந்தது. 1998-இல் இது பெரிய சண்டையாகவே ஆயிற்று. 120 மாணவர்களின் காலாண்டுத் தாள்களை ஒரே ஆள் திருத்தினால் என்ன நடக்குமோ அதுதான்.

தீர்வு இரண்டு வகையில் வந்தது. ஒன்று, வேலையைப் பிரித்தார்கள். வலைப்பின்னலுக்கு ஒருவர், கோப்பு முறைக்கு ஒருவர் என்று பகுதிக்கு ஒரு பராமரிப்பாளர். இன்னொன்று, கருவி. 2002 முதல் 'பிட்கீப்பர்' என்ற தனியார் கருவியை இலவசமாகப் பயன்படுத்தினார்கள். 2005-இல் அந்த இலவச அனுமதி நின்றுபோயிற்று. லினஸ் ஏப்ரல் 3-ஆம் தேதி உட்கார்ந்து புதிய கருவி ஒன்றை எழுதத் தொடங்கினார். 7-ஆம் தேதி அந்தக் கருவியின் நிரலையே அதற்குள் வைத்துப் பராமரிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. அதுதான் 'கிட்'. என் மாணவர்களில் மென்பொருள் வேலையில் இருப்பவர் அத்தனை பேரும் தினமும் பயன்படுத்துவது. அதே ஜூலையில் அதன் பொறுப்பை ஜூனியோ ஹமானோ என்பவரிடம் ஒப்படைத்துவிட்டார். தான் பெற்ற பிள்ளையை நாலே மாதத்தில் நம்பி இன்னொருவரிடம் கொடுப்பதும் ஒரு பங்களிப்புத்தான். 2008-இல் கிட்ஹப் வந்த பிறகு, திருத்தத்தை 'புல் ரிக்வெஸ்ட்' என்ற விண்ணப்பமாக அனுப்பும் முறை பரவியது. லினக்ஸ் இன்றும் மின்னஞ்சலில்தான் பேட்ச் வாங்குகிறது.

கையெழுத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 2003-இல் எஸ்.சி.ஓ. என்ற நிறுவனம், தனக்குச் சொந்தமான நிரல் லினக்ஸுக்குள் போய்விட்டதாகக் கூறி ஐ.பி.எம். மீது வழக்குப் போட்டது. எந்த வரி யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல வேண்டிய நிலை. 2004 முதல் பேட்ச் அனுப்புகிறவர் ஒவ்வொருவரும், இதை அனுப்ப எனக்கு உரிமை இருக்கிறது என்று உறுதி கூறிக் கீழே தன் பெயரிட்டு ஒரு வரி எழுத வேண்டும் என்ற வழக்கம் வந்தது. அதைப் பார்த்து ஏற்கும் பராமரிப்பாளரும் தன் பெயரைச் சேர்ப்பார். ராங்க் கார்டில் அப்பா கையெழுத்து மாதிரி, ஆனால் யாரும் போலியாகப் போடக் கூடாது!

இவ்வளவு படித்த பிறகு ஒரு கேள்வி மிச்சமிருந்தது. உதவி செய்ய வருகிறவரிடம் ஏன் இவ்வளவு கறாராக இருக்க வேண்டும்?

2024 மார்ச் மாதம் நடந்ததைக் கேளுங்கள். 'எக்ஸ்.இசட்.' என்று கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு மென்பொருள். உலகத்தின் ஏராளமான சர்வர்களில் அது இருக்கிறது. அதை லாசே காலின் என்ற ஒரே மனிதர் சம்பளமில்லாமல் வருஷக்கணக்கில் பராமரித்து வந்தார். மனசு களைத்திருந்தார். 2021 முதல் ஒருவர் நல்ல பிள்ளையாகத் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். வேறு சில பெயர்களில், வேலை மெதுவாக நடக்கிறதே, இன்னொருவரைச் சேர்க்கக் கூடாதா என்று அழுத்தமும் வந்தது. கடைசியில் அந்தப் புதியவரிடம் பொறுப்பு போயிற்று. அவர் 2024-இல் வெளிவந்த பதிப்புக்குள் ஒரு கள்ளவழியை ஒளித்து வைத்தார். சர்வர்களுக்குள் திருட்டுத்தனமாக நுழையும் வழி.

அதைப் பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். அவர் பாதுகாப்பு நிபுணர் அல்ல. தரவுதள மென்பொருளில் வேலை செய்பவர். தன் கம்ப்யூட்டரில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி அதிகம் ஆகிறதே என்று அவருக்கு உறுத்தியது. அரை வினாடி! வேறொருவர் என்றால் விட்டுவிட்டிருப்பார். அவர் தோண்டிப் பார்த்து மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். பெரிய விபத்து தப்பியது.

இந்தக் கதையில் எனக்கு இரண்டு பாடம். பராமரிப்பவர் ஒரு திருத்தத்தை ஏற்றால், அனுப்பியவர் போன பிறகும் அதோடு குடித்தனம் நடத்த வேண்டியவர் அவர்தான். அதனால் கேள்வி கேட்பது அவருடைய கடமை. இரண்டாவது, அரை வினாடியை உறுத்தலாக எடுத்துக்கொள்ளும் மனிதர்கள் வெளியே இருந்தால்தான் இந்த வீடு நிற்கும். அப்படிப்பட்டவர்களை வாசலிலேயே விரட்டிவிடக் கூடாது.

கறார் வேறு, கடுஞ்சொல் வேறு. லினஸ் டோர்வால்ட்ஸே பல வருஷம் மோசமான திருத்தங்களுக்கு மிகக் கடுமையான மின்னஞ்சல்கள் எழுதிப் பெயர் வாங்கியவர். 2018 செப்டம்பர் 16 அன்று, என் மின்னஞ்சல்கள் சில தேவையில்லாமல் மனிதர்களைத் தாக்கின, அதற்காக வருந்துகிறேன், மற்றவர் உணர்வைப் புரிந்துகொள்ள உதவி பெறப் போகிறேன் என்ற பொருளில் பகிரங்கமாக எழுதி, சில வாரம் ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்பினார். லினக்ஸுக்கு நடத்தை விதிகளும் அப்போது ஏற்கப்பட்டன. 27 வருஷத்து வேலைக்கு நடுவில் நின்று, நான் பேசிய முறை தப்பு என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

இந்தச் சரித்திரத்திலிருந்து, பங்களிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு ஒரு பழைய வாத்தியார் சொல்லக்கூடியது இதுதான்.

நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருளில் தொடங்குங்கள். ஸ்டால்மனுக்குக் காகிதம் சிக்கியது, நூத்துக்கு அச்சு பிடிக்கவில்லை. உங்களுக்கு எது உறுத்துகிறதோ அதுதான் உங்கள் வாசல். அந்தத் திட்டத்தில் 'பங்களிக்க' என்று ஒரு கோப்பு இருக்கும். அதை முதலில் படியுங்கள். கேள்வித்தாளின் மேலே உள்ள குறிப்பைப் படிக்காமல் விடை எழுதக் கூடாது.

அந்தப் பிழையை வேறு யாராவது ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள். இல்லையென்றால் மூன்று விஷயம் எழுதுங்கள்: நான் என்ன செய்தேன், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன், என்ன நடந்தது. எந்தப் பதிப்பு, எந்த இயந்திரம் என்பதையும் சேருங்கள். பிழையைத் தெளிவாகச் சொல்வதே பாதிப் பங்களிப்பு. நிரல் எழுதத் தெரியாதவரும் இதைச் செய்யலாம். விளக்கக் குறிப்புகளைத் திருத்தலாம், மொழிபெயர்க்கலாம், படம் வரையலாம். லினக்ஸின் அடையாளமான பென்குவினை 1996-இல் வரைந்தவர் லேரி யூவிங், அதுவும் பங்களிப்புத்தானே.

திருத்தம் அனுப்பினால் ஒரு திருத்தத்தில் ஒரே வேலை. மூன்று வரி போதும் என்றால் நான்காவது வரி வேண்டாம். ஏன் மாற்றினீர்கள் என்ற காரணத்தை எழுதுங்கள். வழிமுறை இல்லாத விடைக்கு நான் முழு மார்க் போட்டதில்லை, அவர்களும் போட மாட்டார்கள். சரியாக வேலை செய்கிறது என்று காட்டும் சோதனையைக் கூடவே வையுங்கள். பிறகு காத்திருங்கள். பதில் வராவிட்டால் ஓரிரு வாரம் கழித்துப் பணிவாக நினைவூட்டுங்கள். மறுப்பு வந்தால் மார்க்கைப் பார்க்காதீர்கள், ஓரத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

ஊருக்கு உபதேசம் செய்தவன் தான் பட்டதையும் சொல்ல வேண்டும். என் மகன் எனக்கு ஓர் இலவச மென்பொருளைத் தமிழ் முகப்போடு போட்டுக் கொடுத்தான். அதில் ஒரு பட்டியலில் 'கோப்பை திற' என்று இருந்தது. ஒற்று இல்லை. 'கோப்பைத் திற' என்று இருந்தால் ஃபைலைத் திற. ஒற்று விட்டால் டீ குடிக்கிற கோப்பையைத் திற! விடுவேனா? இரண்டு இரவு உட்கார்ந்து 43 திருத்தம் எழுதி ஒரே கட்டாக அனுப்பினேன்.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. எழுதியவர் என் பேரன் வயதுப் பையனாக இருக்கலாம். "ஐயா, எழுத்துப் பிழைகளைத் தனியாக அனுப்புங்கள், உடனே சேர்க்கிறோம். 'சேமி' என்பதைப் 'பாதுகாத்து வை' என்று மாற்றியது போன்றவை பிழைத் திருத்தம் அல்ல, சொல் விருப்பம். அதற்கு எங்களிடம் பொதுச் சொற்பட்டியல் இருக்கிறது. முதலில் அதில் பேசி முடிவு செய்வோம்."

எனக்கு வந்த கோபம்! 38 வருஷம் ஆசிரியர், எனக்கே திருத்தமா? அன்று முழுவதும் வீட்டில் யாரோடும் பேசவில்லை. மறுநாள் காலை மறுபடி படித்தேன். அந்தப் பையன் சொன்னது சரி. என் மாணவி செய்த அதே தவறைத்தான் நானும் செய்திருந்தேன். ஒரே கட்டில் இரண்டு வேலை. பிழைகளைப் பிரித்து அனுப்பினேன். 31 திருத்தங்கள் ஏற்கப்பட்டன. 'சேமி' அப்படியேதான் இருக்கிறது. இப்போது பழகிவிட்டது.

இனி, தூக்கம் வராத இரவின் கதை.

1993-ஆம் ஆண்டு, ஒன்பதாம் வகுப்பு, மதியம் முதல் பீரியட். கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினேன். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 49, அந்த எண் எது? விடை 7 என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், மைனஸ் 7-ம் வருமே?"

அவன் சொன்னது சரி. கணக்கில் நேர் எண் என்று நான் எங்கும் குறிப்பிடவில்லை. மூன்றே சொல்லில் அருமையான திருத்தம், காரணத்தோடு, பணிவோடு. நான் என்ன செய்தேன் தெரியுமா? "அதிகப்பிரசங்கி, உட்காரு" என்றேன். வகுப்பு சிரித்தது. அந்த வருஷம் முழுக்க அவன் வேறு கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

நூத் என்றால் 2.56 டாலர் அனுப்பியிருப்பார். நான் அனுப்பியது அந்தச் சிரிப்பு.

தம்பி, இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால் தெரிந்துகொள். விடை 7, மற்றும் மைனஸ் 7. உன் திருத்தம் ஏற்கப்பட்டது. இத்தனை வருஷம் தாமதமானதற்கு என்னை மன்னித்துவிடு. உன் பெயரை இங்கே எழுதவில்லை. நீ விரும்பினால் நீயே எழுது. காசோலை அனுப்ப என்னால் ஆகாது. வீட்டுக்கு வந்தால் உன் அக்கா கையால் நல்ல காபி உண்டு.

பெங்களூர் மாணவிக்கு நேற்று போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டாப் பிரிச்சா முதல் பாதி ரொம்பச் சின்னது சார். சனிக்கிழமை டெஸ்ட் எழுதிப் பார்க்கிறேன்" என்றார். அனுப்பினாரா, ஏற்றார்களா என்று நான் கேட்கப் போவதில்லை. அது அவருக்கும் அவர்களுக்கும் நடுவில் உள்ள பாடம்.

உங்களில் யாராவது இப்படி ஒரு திட்டத்துக்கு ஏதாவது அனுப்பியிருந்தால் கீழே எழுதுங்கள். ஏற்கப்பட்டதை மட்டுமல்ல, திரும்பி வந்ததையும் எழுதுங்கள். இந்தப் பதிவில் பிழை இருந்தால் அதையும் சொல்லுங்கள். இந்த முறை உட்காரச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்